மூச்சுத் திருகு

ஊட்டி லோயர் பஜாரில்
பம்புசெட்டும் ஜெனரேட்டரும் விற்கிற கடை.
மேசையில் மூன்று டேங்குகளை இறக்கிவைத்துக்
கையைத் துடைக்கிறார் நசீர்.
"படகு சின்னதுதானே? எதையாவது எடுங்க."

எதையாவது எடுக்க
எமரால்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வரவில்லை.

முதலாவது இரும்பு.
சிவப்புப் பெயின்ட், தட்டினால் பள்ளிக்கூட மணி.
ஜனவரி இரவுகளில்
பாதி காலியான இரும்புக்குள் வியர்க்கும்.
வியர்வை பெட்ரோலுக்கு அடியில்
சத்தமில்லாமல் படுத்திருந்து
நடு அணையில்தான் தன் பெயரைச் சொல்லும்.
பழசும் இதே ரகம். வேண்டாம்.

இரண்டாவது இருபத்தைந்து லிட்டர் பிளாஸ்டிக்.
சங்கச் செயலாளர் பெள்ளிராஜுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது.
"ஒருதடவை ரொப்பினா ஒரு வாரம்.
ஒரே பில். ஆடிட்டருக்கும் சுலபம்."

"தூக்கப் போறது ஆடிட்டரா?"

கார்த்திகையில் சாலையிலிருந்து தண்ணீருக்கு
ஒன்பது படி.
சித்திரையில், மின்வாரியம் குடித்ததுபோக,
படி தீர்ந்து புல் தீர்ந்து
வெடித்த சேற்றில்
நூற்று நாற்பது தப்படி.
நான் எண்ணியிருக்கிறேன்.
எண்ணாமல் நடந்தால் நின்றுவிடுவேன்.

இலைக்கூடை சுமந்த முதுகுதானே என்பார்கள்.
இலை, கூடைக்குள் அடங்கி உட்காரும்.
பெட்ரோல் உட்காராது.
நான் இடப்பக்கம் சாய்ந்தால்
அது வலப்பக்கம் போய் வம்பு வளர்க்கும்.

தண்ணீரில் எவ்வளவு தூரம் என்றே எல்லோரும் கேட்கிறார்கள்.
சேற்றில் எவ்வளவு தூரம் என்று
கேட்டதில்லை ஒருவரும்.

மூன்றாவது பன்னிரண்டு லிட்டர்.
குட்டையாக, பலகைக்கு அடியில் நுழைகிற மாதிரி.
மூடியைத் திறந்து முகர்ந்தேன். புது செருப்பு வாசனை.
மூடியின் தலையில் சின்னதாக ஒரு திருகு.
அதை இரண்டு சுற்றுத் திருப்பினேன்,
திரும்ப மூடினேன்,
திரும்பத் திறந்தேன்.
நசீர் என் விரலையே பார்த்தார்.

போன ஆடியில்
வலை எடுத்துத் திரும்புகையில் மூட்டம் இறங்கியது.
படகின் மூக்கே தெரியவில்லை.
என்ஜின் இருமி, செருமி, நின்றது.
சடையன் கயிற்றை முப்பதுமுறை இழுத்தான்.
முதலில் குலசாமியைக் கூப்பிட்டான்,
பிறகு என்ஜினின் அம்மாவை.
ரப்பர் பல்பு சப்பிக் கிடந்தது.
டேங்கைத் தடவினேன். இரும்பாயிற்றே,
முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.
விறைத்த விரலுக்குத் திருகு தட்டுப்பட்டபோது
கரை எந்தப் பக்கம் என்பதே மறந்திருந்தது.
அரைச் சுற்று.
உள்ளே யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

நசீரிடம் சொன்னது இவ்வளவுதான்:
"பிளாஸ்டிக்னா மூச்சு முட்டும்போது கன்னம் ஒட்டும்.
பார்த்தாலே தெரியும்."

"ரெண்டு கொடுங்க."

பெள்ளிராஜ் விலையைக் கூட்டினார். அறுநூறு அதிகம்.
"பன்னெண்டு பத்தாதுன்னுதானே ரெண்டு? பெருசே வாங்கலாமே?"
ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு
வந்து மற்றதை எடுப்பேன் என்றேன்.
மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர,
மூன்றாவது பங்கு மூட்டத்துக்கு.
தலைவருக்கு போன் போட வெளியே போனார்.
டவர் தேடி பஜார் முழுக்க நடந்தார்.

அதற்குள் நசீர் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து
எங்கள் என்ஜினுக்குச் சேர்கிற கனெக்டரைத் தேடினார்.
ஒன்று ஆண்பிள்ளை, ஒன்று வேறு கம்பெனி,
ஒன்று துரு.
ஏழாவது "டிக்" என்று உட்கார்ந்தது.
பல்பில் அம்புக்குறி என்ஜினைப் பார்க்கட்டும் என்றார்.
தெரியும் என்றேன்.
தெரியும் என்பது தெரியும் என்றார்.

சாயங்கால பஸ். மடியில் ஒன்று, காலடியில் ஒன்று.
"பெட்ரோலா?" கண்டக்டர் முறைத்தார்.
"காத்து."
"காத்துக்கும் லக்கேஜ் உண்டு" என்று டிக்கெட் கிழித்தார்.

இத்தலார் தாண்டி இறக்கத்தில்
மடியிலிருந்ததன் கன்னம் லேசாக ஒட்டியிருந்தது.
நசீர் இறுக்கமாக மூடியிருக்கிறார்.
திறந்தேன்.
பக்கத்து சீட்டுக் குழந்தை
சத்தம் எங்கிருந்து வந்ததென்று
என் முகத்தைப் பார்த்தது.