மணிக்கு ஐந்து மைல்

வயோமிங்கில், ராலின்ஸ் தாண்டிய மேட்டில்
மஞ்சள் விளக்கு எரிந்தது.
யூரியா தரம் போதாதாம். சென்சார் சொல்கிறது.
காலையில்தான் ஊற்றினான் ஆர்வில்,
சீல் உடைக்காத டப்பா.

இனி ஐந்து மைல் வேகம்தான்.
பின்னால் எழுபது கன்றுகள் கத்துகின்றன.
வேலியோரம் ஒரு மான்
மேய்ந்துகொண்டே அவனை முந்துகிறது.

போன மாதம் ஃபில்டருக்கு நாலாயிரம் டாலர்.
அதற்கு முன் ஒயர்.
அதற்கும் முன் அதே ஒயர்.
"எல்லாத்தையும் கழட்டிப் போட்டுடறேன், யாருக்குத் தெரியும்?"
போனில் மச்சான் டெல்பர்ட்.
தெரிந்தால், லாரியை விற்றுத்தான் அபராதம் கட்டணும்.

நிறுத்தினான்.
சூடு ஆறும்வரை திட்டித் தீர்த்துவிட்டு
புகைக்குழாய்க்குள் விரல் விட்டுத் துடைத்தான்.
கரி இல்லை.
அவன் விரலின் கிரீஸ்தான்
குழாயில் ஒட்டியது.

அறுபது மைல் பாக்கி.
ஐந்தால் வகுக்காமல்
கியரைப் போட்டான்.