இரு கையும் பக்கவாட்டில்

ஒஸ்லோவிலிருந்து மைத்துனி கொண்டுவந்த பெட்டியில்
சொக்கிளேற்றுக்கும் சம்பூவுக்கும் அடியில் கிடந்தது
அவள் பிள்ளைகள் ஆடிச் சலித்த விளையாட்டுப் பெட்டி.
ஆளுக்கு இரண்டாய் நாலு றிமோட்.
ஒன்றின் மணிக்கட்டுக் கயிறு அறுந்திருந்தது.
என் சப்பாத்து நாடாவைக் கட்டினேன்.

பாலையூற்றில் எங்கள் முன்னறை
பத்தடிக்குப் பன்னிரண்டு.
கதிரைகளைச் சுவரோடு ஒதுக்கினால்
எங்கேயோ ஒரு மைதானத்தின் ஓரம்.
ரீவிக்குள் மூன்று பெட்டைகள்,
கைகளில் பளபளக்கும் குஞ்சங்கள்.
எங்களுக்கு முகமும் மைதானத்துக்கு முதுகும் காட்டி
வெல்லு வெல்லு என்று கத்துகிறார்கள்.
அங்கே என்ன ஆட்டம், யார் முன்னுக்கு நிற்கிறது
கடைசிவரை காட்டமாட்டார்கள்.
ஷெரோமியைக் கேட்டேன்.
"அது எங்களுக்குத் தேவையில்லையப்பா,
நீங்க கையைத் தூக்குங்கோ."

கையைத் தூக்குவதுதான் என் தொழில்.
துறைமுகத்தில் கிறேனுக்குச் சிக்னல் காட்டுகிறவன்,
இருபத்தாறு வருஷம்.
மேலே கூட்டுக்குள் விஜேரத்ன, கீழே நான்.
அவருடைய தமிழும் என்னுடைய சிங்களமும்
ஒரு தேத்தண்ணிக்கு மேல் தாங்காது.
சுட்டுவிரல் வானம் பார்த்துச் சுழன்றால் தூக்கு.
நிலம் பார்த்துச் சுழன்றால் இறக்கு.
பத்துத் தொன்னை
ஒரு முட்டையைப் போல வைக்கச் சொல்ல
இந்த விரல்களுக்குத் தெரியும்.

பிறகென்ன, முதல் நாளே முதலிடம் எனக்கு.
ஐம்பத்தொரு வயது, சாரம், பெருத்த வயிறு.
அந்தப் பெட்டி இடுப்பைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பதில்லை,
மணிக்கட்டை மட்டும்தான் நம்புகிறது.
நுளம்புக்கு அடித்த அடிக்கும்
முழுப்புள்ளி தந்தது.
அகப்பையோடு எட்டிப் பார்த்த மெற்றில்டா
சிரித்துச் சிரித்துக்
கறியை அடிப்பிடிக்க விட்டாள்.

ஒரேயொரு அசைவில் மட்டும் விழுகிறேன்.
இரு கையும் பக்கவாட்டில்,
தோளுயரத்தில், விறைப்பாக.
அந்தப் பெட்டைகளுக்கு அது சந்தோஷத்தின் உச்சம்.
பாட்டுக்கு ஏழெட்டுத் தரம் விரிப்பார்கள்.
எங்களுக்கு அது
எல்லாவற்றையும் அந்தந்த இடத்தில் நிறுத்து.
இருபத்தாறு வருஷத்தில் இரண்டே இரண்டு தரம் விரித்தேன்.
ஒருமுறை சீமெந்து மூட்டைகள்.
மற்றதை நான் சொல்வதில்லை.

"லேசான ஸ்ரெப் அப்பா,
ஏன் இதை மட்டும் விடுறீங்கள்?"
தோள்மூட்டு என்றேன்.
கோடாலித் தைலம் கொண்டுவந்து தேய்த்தாள்.
அடுத்த பாட்டிலும் விட்டேன்.
மூன்றாம் பாட்டில் அவள் திரையைப் பார்க்கவில்லை.
என் முழங்கை
பாதியில் பூட்டிக்கொள்வதைப் பார்த்தாள்.
பதின்மூன்று வயது.
கேட்பாள் என்று நினைத்தேன்.

"அந்த இடம் வரேக்க
உங்கட ரெண்டையும் என்னட்டத் தாங்கோ."

இப்போது அப்படித்தான்.
தாளம் நெருங்க நெருங்க நான் நீட்டுவேன்,
அவள் பறிப்பாள்.
ஒரு கையில் இரண்டு, மறு கையில் இரண்டு,
என் மகள் விரிந்து நிற்பாள்,
சப்பாத்து நாடா தொங்க.
ரீவி இரண்டு பேரும் விரித்தோம் என்று நம்பி
நட்சத்திரம் கொட்டும்.
அந்த ஒரு கணம்
வெறுங்கையோடு நிற்கிறேன் நான்.
பிறகு திருப்பித் தருவாள்,
வியர்வை ஒட்டிய பிளாஸ்ரிக்கை.

இன்று காலை சைக்கிளில் போகையில்
பஸ் நிலையத்தடியில் ஒரு மான்
யாரோ எறிந்த ரொட்டியை
எவரையும் மதிக்காமல் தின்றுகொண்டிருந்தது.
வேலை தொடங்கிப் பத்து மணிக்குள்
கடைசிக் கட்டும் இறங்கிவிட்டது.
கொக்கி வெறுமையாய் ஆடி நின்றது.
அப்போது, நான் கேட்காமலே,
என் மணிக்கட்டு இரண்டும்
இல்லாத குஞ்சத்தைக் குலுக்கின.

எந்தக் கைநூலிலும் இல்லாத சிக்னல்.
கூட்டுக்குள் விஜேரத்ன
கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.
கொக்கியை ஒரு அங்குலமும் அசைக்கவில்லை, நல்ல மனுஷன்.
ஹோர்னை மட்டும்
இரண்டு தரம் அடித்தார்.