ஒண்ணு புள்ளி ஒண்ணு ஒண்ணு

என் தராசுக்கு
வருஷா வருஷம் முத்திரை குத்துவாங்க.
ஈய வில்லை, கம்பி, ஆபீசர் கையெழுத்து போட்ட ரசீது.
சங்கரா, கானாங்கத்தை, நெத்திலி,
இதும்மேல ஏறாத மீனு காசிமேட்டுல கெடையாது.

அன்னிக்கு ராத்திரி ஒம்போது மணி.
கடையைக் கழுவிக்கினு இருந்தேன்.
ஏட்டு துரைக்கண்ணு வந்து
"தேசம்மா, தராசைக் குடு, அஞ்சு நிமிசம்" ன்னாரு.

ஐஸ் ஃபேக்டரி செவுத்தோரம்
குந்த வெச்சிருந்தாங்க எபினேசரை.
பத்தொம்போது வயசு. போட்டுல வலை இழுக்கிறவன்.
தோள்ல கயித்துத் தடம் இன்னும் செவப்பா இருந்துச்சு.
பக்கத்துல ஒரு கோணிச் சாக்கு,
உள்ள பொட்டலம்.
ஐஸ் தண்ணி ஓடுற தரையில கெடந்து
சாக்கு ஊறிப் போயிருந்துச்சு.

அதைச் சாக்கோட தூக்கி வெச்சாங்க.

செவப்பு எழுத்து துடிச்சுத் துடிச்சு நின்னுச்சு:
ஒண்ணு புள்ளி ஒண்ணு ஒண்ணு.

ஒரு கிலோவுக்கு உள்ளன்னா
ஜாமீன் சுளுவுன்னு
வக்கீல் குமாஸ்தா அப்பால சொன்னான்.
அப்போ எனக்கு அது தெரியாது.
ஆனா ஈரச் சாக்கோட கனம் தெரியும்.
முப்பது வருஷமா ஐஸோட மீனை நிறுத்து
ஐஸுக்கும் துட்டு வாங்கினவ நான்.
வெறுஞ்சாக்கை வெச்சு ஒரு பட்டனை அழுத்தினா
கணக்கு பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும்.
அந்தப் பட்டன்
என் கட்டை விரலுக்கு நாலு அங்குலத்துல இருந்துச்சு.

நீட்டின காயிதத்துல கையெழுத்துப் போட்டேன்.
சாட்சி எண் ரெண்டு.

போன வாரம் ஒரு பொண்ணு வந்துச்சு.
அடையாறாம், சட்டம் படிக்குதாம்.
"கஞ்சாவைச் சட்டப்படி விக்க வுடலாமா ஆன்ட்டி?
ஆமா, இல்ல, கருத்து இல்ல.
ஏதாவது ஒண்ணுல டிக் பண்ணுங்க."
வெளிநாட்டுல கடை போட்டே விக்கிறாங்களாம்,
ரசீது தராங்களாம், வரி கட்டறாங்களாம்.
அது காலேஜ்லயும் இழுக்கிறாங்களாம்.
சொல்லும்போது சிரிச்சுது.
அங்க யாரும் தராசு எடுத்துக்கினு போவல போல.

ஆமான்னு போட பேனாவை வாங்கினேன்.

அக்கா மவன் ரூபன் வந்து நின்னுட்டான் கண்ணுல.
எட்டாங்கிளாஸ்ல ஆரம்பிச்சது.
ஃபேன் பேர் சொல்லிக் கூப்புடுதுன்னு
மெயினை அணைச்சுட்டு இருட்டுல உக்காந்துக்கினு கீறான்.
மாசம் ஒரு தபா கீழ்ப்பாக்கம்,
ஆட்டோவுல ஏத்த ரெண்டு ஆம்பளை வேணும்.

சரி, இல்லன்னு போடலாம்.

எங்க வூட்டுக்காரரு முழுங்கினதெல்லாம்
கவர்மெண்டு கடை, கவர்மெண்டு சீலு, கவர்மெண்டு வெலை.
அதை யாரும் நிறுக்கவும் இல்ல,
நிறுத்தவும் இல்ல.
அவரு ஈரல் எத்தினி கிராம்னு
ஸ்டான்லியில அறுத்தவங்களுக்குத்தான் தெரியும்.

கருத்து இல்லன்னு போட மனசு வரல.
கருத்து கீது.
வாலோட கெடக்குற வஞ்சிரத்தை
டிபன் டப்பாவுல போடச் சொன்னா எப்பிடி?
பொண்ணு மணி பாத்துச்சு.
காயிதத்தை மடிச்சுட்டு
அரைக் கிலோ நெத்திலி கேட்டுச்சு.
ஐஸை வடிச்சுட்டு நிறுத்தேன்.

நாலு கடை தள்ளி எறால் உரிக்கிறா எபினேசரோட அம்மா.
என்னைப் பாத்தா அவ தலையைக் குனிஞ்சுக்கிறா.
புழலுக்குப் போற அன்னிக்கு மட்டும்
எலுமிச்சம் பழத்துல கையைத் தேய்ச்சுக் கழுவுறா.

நேத்து சம்மன் வந்துச்சு.
பதினேழாம் தேதி, பத்தரை மணி,
சாட்சி எண் ரெண்டு ஆஜராவணும்.
வெள்ளிக்கிழமை. வியாபாரம் மந்தம்தான்.
அந்தச் சாக்கு இந்நேரம் காஞ்சிருக்கும்.

தராசைக் கொண்டாரச் சொல்லி
அதுல எழுதல.

நான் எடுத்துக்கினு போறேன்.