மூன்றாம் எண் அறை

நவம்பரில் ஒருவரும் வருவதில்லை.
கோட்டைக்குக் கீழேயுள்ள ஓட்டலைப் பூட்டிவிட்டார்கள்;
ஷானன் கரை ஹாஸ்டலில் பெயின்ட் வாசனை.
அட்ராக்டா டூஹி வீட்டில் நான்கு அறைகள்,
நான்கிலும் விரிப்பு கலையாத கட்டில்.

ஆகஸ்டில் தன் படுக்கையையும் வாடகைக்கு விட்டு
இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில்
மடக்குக்கட்டிலில் உறங்கியவள்.
மூன்றாம் எண்தான் வேண்டுமென்று
டொரன்டோவிலிருந்தெல்லாம் போன் வரும்.
அதன் பின்சுவர், பழைய நகர மதில்.
எழுநூறு வருஷத்து ஈரம்
எத்தனை முறை வெள்ளையடித்தாலும்
தலையணை உயரத்தில் திரும்ப வந்துவிடும்.
வந்தவர்கள் தொட்டுப் பார்த்து
'என்ன அழகு' என்று நோட்டில் எழுதிவிட்டுப் போவார்கள்.
அவளுக்கு அது ஈரம்.

இன்றிரவு
கொக்கியிலிருந்து மூன்றாம் சாவியை எடுத்தாள்.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
தன் வீட்டு மாடிப்படி ஏறினாள்.
யாரை எழுப்பிவிடப் போகிறாள்?

மெத்தை இத்தனை மிருதுவா.
குழாய் இப்படியா முனகும்,
ஒருத்தரும் சொல்லவில்லையே.
காலையில் முட்டை எப்படி வேண்டும் என்று
கேட்கத்தான் ஆளில்லை.

சுவரில் கை வைத்தாள். சில்லிட்டது.
எடுக்கவில்லை.

பிறகு ஏதோ ஞாபகம் வந்து
இரவு அங்கியோடு கீழிறங்கி
ஜன்னல் பலகையைத் திருப்பி வைத்தாள்:
இடமில்லை.