எழுத்துகள் மட்டும்

கத்தாரில் கூட வேலை செய்த பிலிப்பினோ ஒருவன்
இருக்கிற சொந்தமே போதுமென்று
பாதி விலைக்கு விற்ற குப்பியில்
தம்பி துப்பினான்.
ஆறு கிழமை கழித்து
எங்களுக்கு ஓர் அத்தை வந்தாள்.

பெயர் ஜோன் பிளாக்கெட். வயது எழுபத்திரண்டு.
ஷ்ரொப்ஷயரில் வீடு வீடாகத் தபால் போட்டு ஓய்ந்தவள்.
பாதி இரத்தம், முதல் சுற்று, ஒரு படி விலகல் என்று
எங்கள் உறவைச் சொல்ல
அவள் பாஷைக்கு மூச்சு வாங்கியது.
அவள் தாத்தாதான் எங்கள் தாத்தாவையும் பெற்றவர் என்றால்
அப்பாவுக்கு அவள் அக்கா.
எனக்கு அத்தை. முடிந்தது.
அவள் மகன் கீத் முறை மாப்பிள்ளை,
நாற்பத்தாறு வயது, லொறி ஓட்டுகிறான்,
கட்டிக்கிறியாக்கா என்றான் தம்பி.
நோர்வூட் கடையில் யாருடையதோ ஃபோனுக்குக்
கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்த நான்
குமிழி விழாமல் ஒட்டி முடித்த பிறகுதான் சிரித்தேன்.

அத்தை அனுப்பியதில் என் ஃபோன் நிறைந்தது.
கப்பல் சீட்டு, ஞானஸ்நானப் பதிவு,
ஊசிமலைத் தோட்டத்தின் சின்னதுரையாக
அரைக்காற்சட்டையில் வில்ஃபிரட்.
காலடியில் நாய்.
நாயின் பெயர் டாஃபி என்று
படத்தின் முதுகில் மையால் எழுதியிருக்கிறது.
நாய்க்கும் பின்னால், பீலிக்கரையில்,
கூடையோடு ஆறு பெண்கள்.
விரல்களால் விரித்து விரித்துப் பார்த்தேன்.
விரிக்க விரிக்க
முகங்கள் சாம்பல் கட்டங்களாயின.

துரை என்றால் பிறவியிலேயே துரை என்று நினைத்திருந்தோம்.
அவன் அப்பன் குதிரைக்கு லாடம் அடித்தவனாம்.
ஆத்தாள் அடுத்தவன் காட்டில்
கிழங்கு பிடுங்கப் போனவளாம்.
"நாங்களும் கூலிகள்தான்" என்று எழுதினாள் அத்தை.
படித்தபோது கிட்ட வந்த மாதிரி இருந்தது.
இராத்திரி, தகரத்தில் மழை விழ, திரும்ப யோசித்தேன்.
அந்தக் கிழங்குக்காரியின் பெயர்
ஹானா என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் பக்கம் கிளை வரையச் சொன்னாள்.
தாத்தா வரைக்கும் ஏறினேன்.
அவரைப் பெற்றவளிடம் வந்ததும்
பெட்டி பெயர் கேட்டது.

பூனைக்கண் பிள்ளையை முக்காட்டுக்குள் மறைத்து
மலைக்குக் கொண்டுபோனாள் என்பார்கள்.
என்ன பெயர் என்றால்
வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

ஃபெக்டரியை ஹோட்டலாக்க மச்சைப் பிரித்தபோது
வயரிங் வேலைக்குப் போன சூசைமுத்து
ஈரத்தில் ஒட்டிப்போன செக்ரோல் ஒன்றை
எனக்கென்று எடுத்து வந்தான்.
பிளேடால் பக்கம் பக்கமாகப் பிரித்தேன்.
ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்துநாலு, ஆவணி.
இலக்கம் 217. பிள்ளைப்பேறு.
நாலு கிழமை பேர் இல்லை.
ஐந்தாம் கிழமை அரைப்பேர்.

தோட்டத்தில் பேர் என்றால் நாட்கூலி.
மத்தியானம் மலையை விட்டு இறங்கினால்
பாதிப் பேர்தான் விழும்.
இதை அத்தைக்கு எழுதத் தொடங்கி
இரண்டு தரம் அழித்தேன்.

பெட்டியில் 217 என்று அடித்தேன்.
சிவந்தது.
பெயரில் எழுத்துகள் மட்டும், எண்கள் ஏற்கப்படா.
சரி என்று எழுத்திலேயே அடித்தேன்:
இருநூற்றுப் பதினேழு.
ஒரு வினாடி சுற்றியது.
பச்சை விழுந்து
வில்ஃபிரடின் பக்கத்தில் கோடு போட்டு அவளை உட்கார வைத்தது.

கடையைப் பூட்டும் நேரம் அத்தையின் செய்தி.
அங்கே பகல் போல.
"இவ்வளவு நீளமான பெயரா!
உங்கள் எழுத்து கொடி போலச் சுருள்கிறது.
ப்ரிண்ட் எடுத்துச் சுவரில் மாட்டப்போகிறேன்.
எப்படிச் சொல்வது? என்ன அர்த்தம்?"

வாயால் சொல்லி அனுப்பினேன்.
திரும்ப அவள் குரல் வந்தது,
இரு, நூ, று என்று திக்கித் திக்கி,
பதினேழில் மட்டும் சரியாக.

அர்த்தம்,
கரண்ட் போகிறது அத்தை,
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.
கரண்ட் போகவில்லை.