புள்ளி ஒன்பது

கொச்சித் துறைமுகத்தில் எட்டு மாதம் கிடந்து
அழகியமண்டபம் வந்து சேர்ந்தது வண்டி.
சிவப்பு என்று ஆர்சி புத்தகம் சொன்னது.
மஸ்கட் வெயில் வேறு சொன்னது.
தொண்ணூற்று மூன்றாம் வருடம், இரண்டு கதவு,
எனக்கு மூன்று மாதம் மூத்தது.

"ஒண்ணு புள்ளி ரெண்டு வேணும் பெல்சி.
அதுக்குக் கொறஞ்சு ஒண்ணும் வேண்டாம் பாத்துக்கோ"
என்றார் ஜஸ்டஸ் அண்ணன்.
கம்பெனி வைத்த அழுத்தம் புள்ளி ஏழு.
முதல் நாள் மீட்டரில் நான் பார்த்தது புள்ளி நாலு.
அதைச் சொன்னால் மனுஷன் அழுதுவிடுவார்.

குழாய்களில் சோப்பு நுரை தடவினோம், நானும் அஜினும்.
இன்டர்கூலரின் அடிவளைவில்
எறும்பு போகும் கீறல் ஒன்று
குமிழி விட்டது.
எத்தனை வருடமாகவோ இந்த வண்டி
மூச்சை வாங்கி
பாதியை வழியில் தொலைத்திருக்கிறது.
நாலு பக்கமும் ரப்பர் தோட்டம் நிற்கிற ஊர்.
நல்ல ஹோஸ் ஒரு முழம்
கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தது.

பிறகு பம்ப். பிறகு நாலு இன்ஜெக்டர்.
பிறகு லேப்டாப்பை மடியில் வைத்து
எண்களோடு குடியிருந்தேன், பதினோரு ராத்திரி.
டர்போ ஒரு கறாரான கணக்குப்பிள்ளை.
வேண்டாமென்று தள்ளிய புகையை
வாசலில் மறித்துச் சக்கரம் சுற்றவிட்டு
புதுக் காற்றை உள்ளே திணிக்கும்.
காற்று கூடினால் பெட்ரோல் கூடவேண்டும்.
இரண்டும் கூடினால் தீப்பொறி பிந்தவேண்டும்.
ஒரு டிகிரி முந்தட்டும்,
ஹெட்போனில் கேட்கும்
அண்டியாபீஸ் தகரத்தில் கொட்டை சரிக்கும் சத்தம்.
பிஸ்டன் சாகிற சத்தம் அது.

பன்னிரண்டாம் ராத்திரி, இரண்டே முக்கால்.
அஜினைக்கூட எழுப்பவில்லை.
நாகர்கோவில் தூங்கிக்கொண்டிருந்தது.
தோவாளையில் மட்டும் ஊர் விழித்திருந்தது,
பிச்சிப்பூ மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன.
ஏர் ஃபில்டர் அந்த மணத்தையும் இழுத்தது.
பெட்ரோலோடு சேர்த்து அதையும் எரித்தேன்.

ஆரல்வாய்மொழி தாண்டியதும்
கணவாய்க் காற்று வண்டியை ஓரத்துக்கு நெட்டியது.
காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
அணைந்து எரிந்தன, அணைந்து எரிந்தன.
மூன்றாவது கியர்.
மிதித்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
பழைய டர்போவுக்கே உரிய அந்தத் தாமதம்,
கிளம்பும்போது செருப்புத் தேடுகிற விருந்தாளி மாதிரி.
பிறகு
சீட் என் முதுகைப் பிடித்துக்கொண்டது.
புள்ளி எட்டு.
ஒன்று.
ஒன்று புள்ளி இரண்டு.
முப்பந்தல் என்ற பலகை
படிப்பதற்குள் பின்னால் போனது.
கத்தினேன், என்ன வார்த்தை என்று ஞாபகமில்லை.
ஹெட்போனில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.
அப்புறம்
ஒரு கொட்டை. ஒன்றே ஒன்று.

காலை எடுத்தேன்.
வால்வு உஸ்ஸென்று விட்டது.
ஓரம் கட்டி, கை நடுக்கம் நிற்கும்வரை
லாரிகளை எண்ணினேன். ஏழு.
அந்தக் கணக்கை அழிக்க மனம் வரவில்லை.
பிச்சி என்று பெயரிட்டுத் தனியே சேமித்தேன்.
வண்டிக்குப் புள்ளி ஒன்பது எழுதிப் பூட்டினேன்.
புது மீட்டரின் முள்ளுக்கு மட்டும்
பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தார் அண்ணன்,
சலவைச் சட்டையோடு.
தக்கலை வரை போய்த் திரும்பினார்.
இறங்கும்போது முட்டி வளையவில்லை, கண் ஈரமாயிருந்தது.
"ஒண்ணு ரெண்டு காட்டுது மக்ளே! நீ பாத்தியா?"
பார்த்தேன் என்றேன்.
அது உண்மை.

பில்லுக்கு மேலே ஐயாயிரம் வைத்தார்.
எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன்.
ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்,
அந்தப் பெண்ணுக்குப் பணத்தாசையே இல்லை என்று.