கதிராசி, அன்னமுத்து

வகுப்பில் மூன்று தர்ஷிகா, இரண்டு நிரோஜினி,
ஒரு டிலக்ஷனா.
அதற்குப் பிறகு டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்,
அன்னமுத்து என்று வாசிக்க.

அப்பா காணிக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளர்.
யாரோ இரண்டு சகோதரிகள்
ஒன்றரைப் பரப்பு விற்ற உறுதியில்
பெயர்களுக்குப் பக்கத்தில் கையெழுத்தில்லை.
இடது பெருவிரல்,
மை கொஞ்சம் வழிந்து.
இரண்டு வருச இடைவெளியில்
அந்த இரண்டையும் எங்களுக்கு வைத்தார்.
வடிவாய்க் கையெழுத்துப் போடப் பழகுங்கோ என்றார்,
வேறு விளக்கம் தரவில்லை.

கீழ்மாடிச் சகோதரிகள் கஜானி, துஜானி:
ஒரே துணியில் வெட்டிய இரண்டு சட்டை.
எங்கள் பெயர்கள் ஒலியில் ஒட்டாது.
ஒரே மைப்பெட்டியில் தொட்டவை,
அவ்வளவுதான் உறவு.

கதிராசி என்றால் எனக்கு
நிழலிலும் குடை பிடிக்கிற ஒருத்தி.
மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகுதான்
விலை கேட்பாள்.
கடன் கொடுக்கமாட்டாள், வாங்கவும் மாட்டாள்.
அன்னமுத்து மீதிக்காசை இரண்டு தரம் எண்ணுவாள்.
பாதி வழியில் நின்று
அடுப்பை அணைத்தேனா என்று யோசிப்பாள்.
நான் அப்படித்தான் ஆகிப்போனேன்.
பெயரா, பிறவியா, தெரியாது.

வெள்ளவத்தைத் தபால்காரர்
அன்னா என்பதோடு நிறுத்திக்கொள்வார்.
முத்து கேற்றுக்கு வெளியே நிற்கும்.

இருபத்துமூன்று வயதில் அக்கா
சத்தியக்கடதாசி முடித்து
கதிஷா ஆனாள்.
வங்கி அட்டையில் அழகாய்த்தான் இருந்தது.
எனக்கு மட்டும்
ஒற்றைச் செருப்போடு ரயில் ஏறின மாதிரி.

நேற்றுப் பின்னேரம், காலி வீதி.
அவள் அந்தப் பக்கம்,
போனைப் பார்த்தபடி றோட்டில் கால் வைக்கிறாள்.
நூறாம் நம்பர் பஸ் ஒன்று
இன்னொரு நூறை முந்திக்கொண்டு வருகிறது.
கத்தினேன்.
வாயில் வந்தது பழைய பெயர்.

இரண்டு பேர் திரும்பினார்கள்.
ஒருத்தி அக்கா, கால் பின்னால் போயிருந்தது.
மற்றது மரக்கறிக்கடை வாசலில் ஒரு அம்மா,
கையில் பாதிப் புடலங்காய்.
குடை இல்லை. கவனித்தேன்.

நான் கடந்து போவதற்குள்
அந்த அம்மா அக்காவைக் கேட்டுவிட்டா:
என்னையோ பிள்ளை கூப்பிட்டது?

இல்லையம்மா, என்னை
என்றாள் கதிஷா.
பிறகு என் பக்கம் திரும்பி
நன்றாக முறைத்தாள்.